இரண்டாம் தடவை கேட்கட்டும்

வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்று நம் அப்பாக்கள் நினைத்திருந்தார்கள். நீங்களும் என் வயதுக்காரர்கள்தானே, உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். தோல் வெளுப்பாக இருந்து, இங்கிலீஷ் பேசி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்துவிட்டால் போதும், துரை, துரைசாணி. எந்த ஊர், என்ன பழக்கம் என்று யார் விசாரித்தார்கள்? எங்கள் அப்பா விசாரிக்கவில்லை. அதனால் என் அக்கா நர்ஸ் ஆகவில்லை. விஷயம் இவ்வளவுதான். மீதியையும் கேளுங்கள், இந்த மழையில் எங்கே எழுந்து போகப் போகிறீர்கள்?

இதைச் சொல்லும்போதெல்லாம் என் பேத்தி என் கண்ணையே பார்க்கிறாள். அவளுக்குத் தமிழ் பாதிதான் புரியும், பர்மியத்தில் சொன்னால்தான் முழுசாகப் புரியும். ஆனால் பாட்டி எந்த இடத்தில் அழப்போகிறாள் என்று மட்டும் காத்திருக்கிறாள். எனக்கு அழுகை வருவதில்லை. பல் டாக்டர் ஊசி போட்டுவிட்டுக் கன்னத்தைத் தட்டிப் பார்ப்பாரே, தட்டுவது தெரியும், வலி தெரியாது. அந்த மாதிரிதான் இருக்கிறது, ரொம்ப வருஷமாக.

அப்போது நாங்கள் கியாக்டடா பேட்டையில், சூலே பகோடாவுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான். அப்பா ஒரு மரக் கம்பெனியில் ஹெட் கிளார்க். கம்பெனி இங்கிலீஷ்காரருடையது. பெரிய துரை தொண்டையைக் கனைத்தால் என்ன அர்த்தம், ஜன்னலைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று அப்பாவுக்கு அத்துபடி. ஆபீஸில் இங்கிலீஷ்காரர் மனசைப் படிக்க அப்பாவை விட்டால் ஆளில்லை என்று மற்ற கிளார்க்குகள் சொல்வார்களாம். அதை அப்பாவேதான் எங்களிடம் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் துரை பங்களாவுக்குப் போவோம். இன்யா ஏரிப் பக்கம், பெரிய மழைமரங்களுக்கு நடுவில் இருந்தது. போகிற வழியெல்லாம் டாக்ஸிக்குள்ளே அப்பா பாடம் நடத்துவார்.

"முதல் தடவை கேக் வேணுமான்னு கேட்டா, நோ தாங்க் யூ. சிரிச்சுக்கிட்டே சொல்லணும். துரைசாணி திரும்பக் கேப்பாங்க. அப்பதான் எடுக்கணும். ஒரே ஒரு துண்டு."

"திரும்பக் கேக்காம போயிட்டா?" என்பேன் நான்.

"இங்கிலீஷ்காரங்க கேக்காம போக மாட்டாங்க. அது அவங்க வளர்ப்பு. முதல் தடவையே கை நீட்டினா பிச்சைக்காரப் புத்தி. ரெண்டாவது தடவைதான் மரியாதை."

அவர் சொன்னபடியே நடக்கும், அதுதான் வம்பு. துரைசாணி தட்டை நீட்டுவார். நாங்கள் வேண்டாம் என்போம். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்களேன் என்பார். எடுத்துக்கொள்வோம். சீமைச் சோம்பு போட்ட கேக், வாயில் போட்டால் மருந்து வாசனை அடிக்கும். துரைசாணி எங்களிடம் வேறெதுவும் பேசியதில்லை. பெரியவள் எப்படிப் படிக்கிறாள் என்று அப்பாவிடம் கேட்பார். அக்கா அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அப்பா பதில் சொல்வார். அக்கா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு சர்க்கார் கம்பெனிகளை எடுத்துக்கொண்ட காலம் வந்தது, உங்களுக்குத் தெரியாததா. துரை கப்பல் ஏறினார். அதற்கு முன் நாங்கள் கடைசியாகப் பங்களாவுக்குப் போனபோது துரைசாணி ஒரு சாம்பல் நிறக் கம்பளியை அப்பாவுக்குக் கொடுத்தார். அப்பா வேண்டாம் என்றார். துரைசாணி வற்புறுத்தினார். அப்பா வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது கம்பளியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "பாத்தியா? போற நேரத்துலயும் முறை தப்பல" என்று அம்மாவிடம் சொன்னார். வேலை போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சர்க்கார் கிடங்கு ஒன்றில் மூட்டை எண்ணும் வேலை கிடைத்தது. அங்கே மனசைப் படிக்க வெள்ளைக்காரர் யாரும் இல்லை.

கனடா டீச்சர் எங்கள் மிஷன் பள்ளிக்கு வந்தது இதற்குக் கொஞ்சம் முன்னால். செம்பட்டை முடி, வெயிலில் உரிந்த மூக்கு, ரப்பர் செருப்பு. தெருமுனையில் குட்டை முக்காலியில் உட்கார்ந்து மொய்ங்கா, அதுதான் மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், சாப்பிடுவார், கிண்ணத்தைத் தூக்கி மிச்சக் குழம்பையும் குடித்துவிடுவார். அப்பா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார். பார்த்ததாகத் தெரிந்தால் அந்த அம்மாளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தாராம். அந்த அம்மாளோ தெருவே திரும்பிப் பார்க்கும்படி அப்பாவைக் கூப்பிட்டுக் கையை ஆட்டினார்.

துரைசாணி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. "நான் இங்கிலீஷ்காரி இல்லை, கனடாக்காரி" என்பார். அக்கா இதை வீட்டில் வந்து சொன்னபோது அப்பா சிரித்தார்.

"அந்த ஊர் தபால்தலையைப் பாரு. யார் படம் போட்டிருக்கு? அதே ராணிதானே? பின்ன என்ன வேற ஆளு!"

முதல் தடவை டீச்சர் தன் அறைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனது நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில் இருந்த அறை. ரொட்டியில் கொய்யாப்பழ ஜாம் தடவி, தட்டு நிறைய வைத்து, "வேண்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நோ தாங்க் யூ என்று சிரித்துக்கொண்டே சொன்னோம். "சரி" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய், வெளியே விளையாடிக்கொண்டிருந்த காவல்காரர் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அடப்பாவமே! நான் காலி மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளைகள் விரல் சூப்புகிற சத்தம் உள்ளே கேட்டது.

அடுத்த தடவை டீச்சர் கேட்டதுமே அக்கா "ஆமாம், டீச்சர்" என்றாள். எனக்கும் சேர்த்து வாங்கித் தந்தாள். படியிறங்கும்போது, "அப்பாகிட்ட சொல்லாத. இவங்க ஒரு தடவைதான் கேப்பாங்க" என்றாள். அக்காவுக்குப் புரிந்துவிட்டிருந்தது, அவளுக்குப் பதினேழு வயசு. இதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

சனிக்கிழமைகளில் டீச்சர் மாவ்பிக்கு பஸ்ஸில் போவார். அங்கே மிஷனுடைய சின்ன மருந்தகம் இருந்தது. அக்காவையும் அழைத்துக்கொண்டு போவார், சில சமயம் நானும் ஒட்டிக்கொள்வேன். வயலில் வேலை செய்கிறவர்கள் காலில் வெட்டு, சீழ், புண் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் குமட்டும். அக்கா குந்தி உட்கார்ந்து அந்தக் கால்களைத் தன் மடியில் வைத்துக் கழுவுவாள். வீட்டில் வாயே திறக்காதவள் அங்கே பர்மியத்தில் அதட்டுவாள், கேலி பண்ணுவாள், கிழவர்களைக் கட்டுக்கு அடங்க வைப்பாள். அவர்கள் அவளைச் சின்ன சயாமா, சின்ன டீச்சர் என்று கூப்பிட்டார்கள். திரும்பி வரும்போது அவள் கையில் டெட்டால் வாசனை இருக்கும். கழுவச் சொன்னால் மெதுவாகத்தான் கழுவுவாள்.

பள்ளியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. கொஞ்ச காலத்தில் வெளிநாட்டு மிஷன்காரர்கள் எல்லோரும் போகவேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த வாரமே டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சொல்லி அனுப்பவில்லை. பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்குமே மணி கட்டிய கயிறு, பேப்பர்காரன் இழுக்கிற கயிறு, அதை இழுத்துவிட்டு மூன்று மாடி ஏறி வந்து நின்றார். அம்மா கூடத்தில் சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா பனியனோடு இருந்தார், உள்ளே ஓடிப்போய் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். டீச்சர் தரையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை, நின்றார்.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. தன் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள், செலவு முழுக்கத் தன் சபை பார்த்துக்கொள்ளும், நான்கு வருஷம் தன் அம்மா வீட்டிலேயே தங்கலாம். உங்கள் பெரிய பெண்ணை அழைத்துப் போக ஆசைப்படுகிறேன், அனுப்புவீர்களா?

அந்தக் காலத்தில் இங்கிருந்து போனால் போனதுதான், திரும்பி வர விடமாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அது சந்தோஷம் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. காது சிவந்திருந்தது.

"நோ, நோ, மிஸ்" என்றார் அப்பா. "உங்களுக்கு எதற்கு இவ்வளவு சிரமம்? அதெல்லாம் முடியாது."

அம்மாவும் தன் பங்குக்கு, "ஆனாடே, சயாமா" என்றாள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூசினால் இந்த ஊரில் சொல்கிற வார்த்தை அது. தமிழ் முறை, பர்மிய முறை, இங்கிலீஷ் முறை எல்லாம் சேர்ந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. டீச்சர் பக்கம் யாரும் இல்லை.

டீச்சர் கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன விருப்பம்?"

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்பா நிற்கும்போது, அப்பாவைத் தாண்டி, ஒரு பெண்ணிடம் நேராக! துரைசாணி ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா சொல்றதுதான், டீச்சர்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

"சரி. நேராகச் சொன்னதற்கு நன்றி" என்று டீச்சர் எழுந்து அப்பாவோடு கைகுலுக்கினார். அம்மா கொடுத்த டீயைக் குடித்தார். படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்தியதும் அப்பா துள்ளாத குறைதான். "அடுத்த வாரம் வருவாங்க பாரு. பெரிய விஷயம் இல்லையா, ரெண்டு மூணு தடவை கேக்கத்தான் செய்வாங்க. நாம பறக்குற மாதிரி காட்டிக்கக் கூடாது."

"நெஜமாவே அனுப்பப் போறீங்களா?" என்றாள் அம்மா.

"பின்ன? இங்க என்ன இருக்கு அவளுக்கு? மூட்டை எண்ணவா?"

அன்று ராத்திரி அம்மா அழுதாள். காலையில் எழுந்து அந்தச் சாம்பல் கம்பளியை வெயிலில் போட்டாள். கீழ்வீட்டு டெய்லர் பாயைக் கூப்பிட்டு அதில் அக்காவுக்கு ஒரு கோட்டு தைக்கச் சொன்னார்கள். பனி ஊருக்குப் போகிற கோட்டை அதற்கு முன் டெய்லர் பாய் தைத்ததில்லை. காலர் எவ்வளவு உயரம், பொத்தான் எங்கே என்று அப்பாவோடு மணிக்கணக்காகப் பேசினார். அக்கா கையை விரித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்பாள், அவர் நாடாவைச் சுற்றுவார். அந்த வெயிலில் கம்பளியைப் போட்டுப் பார்த்து அவளுக்கு வேர்த்து ஊற்றும். "இன்னும் கொஞ்சம் லூஸா வைங்க பாய், உள்ள ஸ்வெட்டர் போடணும்" என்பார் அப்பா. நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போதும் பார்க்க முடிகிறது, ஆனால் அதைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை.

டீச்சர் வரவில்லை. தெருவில் அப்பாவைப் பார்த்தால் கையை ஆட்டுவார். அப்பா தொப்பியைத் தூக்குவார், நிற்கமாட்டார். நின்றால் கேட்கச் சொல்லிக் காத்திருப்பதுபோல் ஆகிவிடுமாம். வீட்டில் கண்ணாடி முன்னால், இரண்டாம் தடவை கேட்கும்போது சொல்லவேண்டிய பதிலை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார். நீங்கள் இவ்வளவு தூரம் சொல்வதால், மிஸ். அதற்கு மேல் அவர் தயார் பண்ணவில்லை, அதுவே போதும் என்று இருந்தார்.

பள்ளியில் வழியனுப்பு விழா வைத்தார்கள். அப்பா கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார். இன்றைக்குக் கேட்பார்கள் என்று நம்பித்தான் வந்தார் என்று நினைக்கிறேன். மேடையில் டீச்சருக்குப் பக்கத்தில் கரேன் இனத்துப் பெண் ஒருத்தி நின்றாள், விடுதியில் தங்கிப் படித்தவள், அக்காவின் வகுப்பு. இவள்தான் கனடாவுக்கு நர்ஸ் படிக்கப் போகிறாள், இவளுக்காக ஜெபம் பண்ணுவோம் என்றார்கள். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அப்பாவின் கை முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து டீச்சரே எங்களைத் தேடி கொய்யா மரத்தடிக்கு வந்தார். அக்காவை அணைத்துக்கொண்டார். அப்பாவிடம், "உங்கள் மகள் வந்திருந்தால் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்திருக்கும்" என்றார்.

அப்பா இங்கிலீஷில் எப்போதும் தடுமாறாதவர். அன்று தடுமாறினார். "நீங்கள் இன்னொரு தடவை கேட்பீர்கள் என்று காத்திருந்தேன், மிஸ்."

டீச்சருக்குப் புரியவில்லை. "நீங்கள்தான் முடியாது என்று சொன்னீர்களே."

"அது முதல் தடவை."

டீச்சரின் உரிந்த மூக்கு இன்னும் சிவந்தது. "எங்கள் ஊரில் பெற்றவர் முடியாது என்றால், அவரை மறுபடி நச்சரிப்பது அவமரியாதை" என்றார். "ஆனால் இன்னொரு தடவை கேட்டேனே. இவளைத்தான் கேட்டேன். அதற்கடுத்த சனிக்கிழமை மாவ்பி பஸ்ஸில், திங்கட்கிழமைக்குள் பெயர் கொடுக்கவேண்டும், நன்றாக யோசித்துச் சொல் என்று கேட்டேன். அப்பா சொன்னதுதான் என்றாள்."

அப்பா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"பஸ்ஸுல கேட்டாங்களா?"

"ம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையேப்பா" என்றாள் அக்கா. குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வோமே, அந்தக் குரல்.

வீட்டுப் படியேறும்போது அம்மாவால் பொறுக்க முடியவில்லை. முதல் மாடியிலேயே நின்று அக்காவின் கையைப் பிடித்தாள். "எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சும் ஏண்டி அந்தக் கோட்டுக்கு அளவு குடுத்துக்கிட்டு நின்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அப்பா சந்தோஷமா இருந்தாங்கம்மா."

அப்பா எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். நிற்காமல் ஏறினார்.

அந்தக் கோட்டு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. யாருக்குக் கொடுத்தார்கள், எதற்கு வெட்டினார்கள், ஒன்றும் நினைவில்லை. டீச்சரைப் பற்றியும் பிறகு எதுவும் கேள்விப்படவில்லை. என் மகன் டொரான்டோவில் இருக்கிறான். அங்கேயும் சிலர் மூன்று தடவை கேட்கிறார்கள் என்கிறான். இங்கிலீஷ்காரரிலும் ஒரு தடவையோடு விடுகிறவர்கள் உண்டாம். இருக்கட்டும். எங்களுக்கு வாய்த்தது அந்த இரண்டு பேர்தான்.

அதற்குப் பிறகு அப்பா மாறிப்போனார். எதற்கெடுத்தாலும் அக்காவைக் கேட்க ஆரம்பித்தார். இன்றைக்கு மீனா, பருப்பா? ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்டா, நீலமா? இந்தியாவுக்குப் போகும் கப்பலுக்குப் பெயர் கொடுக்கலாமா, இங்கேயே இருந்துவிடலாமா? "நீங்க சொல்றதுதாம்பா" என்பாள் அக்கா. இரண்டாம் தடவை கேட்பார், மூன்றாம் தடவை கேட்பார். அதே பதில்தான். மாப்பிள்ளைகள் வந்தார்கள். பிடிச்சிருக்கா, உண்மையைச் சொல்லு என்று தனியாக உட்காரவைத்துக் கேட்டார். நீங்க சொல்றதுதாம்பா. அவள் வாயால் வராமல் முடிக்க அப்பாவுக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார். எனக்குக் கல்யாணமாகி, அம்மாவும் போய்ச் சேர்ந்து, வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

அது பழிவாங்குவதா, பழக்கமா என்று கேட்காதீர்கள். நானும் அவளைக் கேட்டதில்லை. அவள் முகத்தில் கோபத்தை நான் பார்த்ததில்லை. மாவ்பியில் கிழவர்களை அதட்டிய அந்தப் பெண்ணையும் பிறகு பார்த்ததில்லை.

கடைசியில் அப்பா படுக்கையில் விழுந்தார். முதுகில் புண் வந்தது. அக்காதான் தினமும் கழுவிக் கட்டுவாள், டாக்டரே பார்த்துவிட்டு நீங்கள் எங்கே நர்ஸாக இருந்தீர்கள் என்று கேட்டார். டாக்டர் கிளம்பிய பிறகு, நானும் அறையில் இருக்கும்போதுதான், அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு என் மேல கோபமா, பெரியவளே?"

அக்கா கட்டின் முடிச்சைச் சரிபார்த்தாள்.

"நீங்க சொல்றதுதாம்பா" என்றாள்.

அப்பா கையை விட்டார். அக்கா புண் கழுவிய பேசினை எடுத்துக்கொண்டு, தண்ணீரை மாற்ற உள்ளே போனாள்.